பத்தடி ஒன்பது அங்குலம்

போன மாதம் ஒரு சனி இரவு, றெஸ்ரோரண்டில கோப்பை கழுவி முடிச்சு பதினொன்றரைக்கு பார்க்டேலுக்கு வந்தால், ஜேம்சன் அவெனியூவில மச்சான் வாடகைக்கு எடுத்த மோட்டர்ஹோம் நிற்குது. 30 அடி நீளம். விடிய நியூ ஜேர்சிக்குப் பயணம். ஏழு பேர், அதில மூண்டு சின்னனுகள்.

"எந்தப் பாதையால போறாய்?"

"ஃபோன் சொல்லும்."

"வண்டி எவ்வளவு உயரம்?"

"வானை விடக் கொஞ்சம் கூட வரும்."

சண்டை அங்கதான் தொடங்கினது.

2010 செப்ரெம்பர் 11 அதிகாலை பிலடெல்பியாவிலிருந்து இதே ரொறன்ரோவுக்கு ஒரு இரட்டைத்தட்டு பஸ் வந்துகொண்டிருந்தது. சிரக்கியூஸில திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டு ஒனொண்டாகா ஏரிக்கரைப் பாதைக்குள்ள போனது. சாரதி தன்ர சொந்த ஜிபிஎஸ்ஸைப் பார்த்து ஓடினவர். முன்னால ரயில் பாலம், உயரம் 10 அடி 9 அங்குலம். பஸ் 13 அடி. நாலு பயணிகள் செத்துப்போச்சினம். எச்சரிக்கைப் பலகைகள் இல்லாமலில்லை.

"அது பஸ், இது வேற" எண்டான் மச்சான். என்ன வேற? கூரையில ஏசி வைச்ச மோட்டர்ஹோம் 11 அடிக்கு மேல வரும். ஃபோனில இருக்கிற சாதாரண மப் உங்கட வண்டியின்ர உயரத்தைக் கேட்கிறதேயில்லை. அதுக்கு நீங்கள் ஒரு கார். நியூ யோர்க்கைச் சுற்றியிருக்கிற பழைய பார்க்வேக்கள் காருக்கெண்டே கட்டினவை, பாலங்கள் பதிவு. கனடாவில பலகை மீற்றரில சொல்லும், அங்க அடியில. 3.5 மீற்றர் எண்டால் ஏறக்குறைய பதினொன்றரை அடி எண்டு பாலத்துக்குக் கிட்டப் போய்க் கணக்குப் பார்க்கேலாது. காஸ் சிலிண்டரோட பால்ரிமோர் துறைமுகச் சுரங்கங்களுக்குள்ளயும் விடமாட்டினம். 2024 மார்ச்சில கீ பாலம் விழுந்த பிறகு நகரத்தை மேற்கால சுத்தித்தான் போகவேணும்.

எனக்கு விளங்காதது இதுதான். நாங்கள் பாதை விசாரிச்சுப் பழகின சனம். 2006 ஆகஸ்டில ஏ9 பூட்டேக்க நான் யாழ்ப்பாணம் கம்பசில ரெண்டாம் வருசம். படிப்பு அதோட நின்டது. வெளிய போக எது வழி, எங்க சோதனை எண்டு பத்துப் பேரிட்டக் கேட்காமல் ஒருத்தரும் படலையைத் தாண்டேல்லை. கிட்டின பாதை நல்ல பாதை இல்லையெண்டு எங்களுக்கு ஆரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. அதே சனம் இண்டைக்கு இருபது நிமிசம் மிச்சமெண்டு ஃபோன் சொன்னால் பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு போகுது. கேட்டால் "பயந்தாங்கொள்ளி" எண்டு பட்டம்.

உயரம், நீளம், நிறை, காஸ் எல்லாம் பதிஞ்சு பாதை எடுக்கிற ஆர்வி ஜிபிஎஸ் கடையில இருக்குது. மோட்டர்ஹோமுக்குக் குடுக்கிற வாடகையோட பார்த்தால் அது பெரிய காசில்லை.

கடைசியில நடுச்சாமம் தும்புத்தடியையும் அளவு நாடாவையும் வைச்சு அளந்தம். 11 அடி 8 அங்குலம். றெஸ்ரோரண்ட் மட்டைப்பெட்டியில பெரிசா எழுதி ஸ்ரேறிங்குக்கு முன்னால ஒட்டினன். இருந்து பாதை எடுத்து முடிய ரெண்டு மணி. மச்சான் இன்னும் முறைச்சுக்கொண்டுதான் திரியிறான். திரியட்டும். ஏழு பேரும் திரும்பி வந்திட்டினம்.