மாத்திரை தர்றாங்க.. விளக்கம் யார் தர்றது? 6 வருஷம் ஃபார்ம்.டி படிச்சவங்க ஓபி பக்கம் ஏன் இல்லை?

முடிச்சூரில் வசிக்கும் 60 வயதுக்காரர் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். சுகர், பிபி மாத்திரை அரசு மருத்துவமனையில் மாதாமாதம் இலவசமாகக் கிடைக்கிறது. முட்டி வலிக்கு தாம்பரத்தில் ஒரு தனியார் டாக்டர். தைராய்டுக்கு வேறொரு டாக்டர். மூன்று சீட்டு, ஏழெட்டு மாத்திரை. மூன்று சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் யார்?

பெரும்பாலும் யாரும் இல்லை.

தைராய்டு மாத்திரையோடு சேர்த்து கால்சியம் மாத்திரையையும் காலையிலேயே போட்டால், தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. ரெண்டுக்கும் இடையில் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முட்டி வலிக்கான டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் பிபி ஏறும், கிட்னியும் அடிவாங்கும். ஒவ்வொரு டாக்டரும் எழுதியது சரிதான். சேர்த்துப் பார்க்கும்போதுதான் சிக்கல். இப்படிச் சேர்த்துப் பார்க்கவே வெளிநாடுகளில் மருந்தாளுநர்களுக்கு தனியாக ரெசிடென்சி பயிற்சி இருக்கிறது.

அது என்ன ரெசிடென்சி?

டாக்டர்கள் எம்பிபிஎஸ் முடித்து எம்டி படிக்கும்போது வார்டிலேயே கிடந்து கற்றுக்கொள்கிறார்கள் அல்லவா, கிட்டத்தட்ட அதே மாதிரி. அமெரிக்காவில் ஃபார்ம்.டி முடித்தவர் விரும்பினால் ஒரு வருடம் பொதுவான ரெசிடென்சி செய்யலாம். அதன்பிறகு இன்னொரு வருடம் ஒரு குறிப்பிட்ட துறையில். அந்தத் துறைகளில் ஒன்றுதான் வெளிநோயாளி சிகிச்சை. படுக்கையில் சேராமல், வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற சுகர், பிபி, ஆஸ்துமா, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிற நோயாளிகள்தான் இவர்களின் பொறுப்பு.

சம்பளத்தோடு, சீனியர் ஒருவரின் கண்காணிப்பில், நோயாளியை எதிரில் உட்காரவைத்துப் பேசிப் பழகுவதுதான் பயிற்சியே. டாக்டரோடு முன்கூட்டியே போட்ட ஒப்பந்தத்துக்கு உட்பட்டு அங்கே மருந்தின் அளவை மருந்தாளுநரே கூட்டிக் குறைக்கவும் முடியும். பிரிட்டனில் 2006 முதல் கூடுதல் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் தனியாகவே மருந்து எழுதலாம்.

இதனால் பலன் உண்டா? 2018-ல் வெளியான லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வு ஒன்று சுவாரஸ்யமானது. ஆய்வு நடந்தது மருத்துவமனையில் இல்லை, முடிதிருத்தும் கடைகளில். 52 கடைகளில் பிபி அதிகமிருந்த 319 கறுப்பின ஆண்கள். ஒரு பிரிவினருக்குக் கடைக்கே மருந்தாளுநர் வந்து பிபி பார்த்து, மருந்தையும் மாற்றிக் கொடுத்தார். இன்னொரு பிரிவினருக்கு ‘டாக்டரைப் பாருங்க’ என்ற அறிவுரை மட்டும். ஆறு மாதத்தில் முதல் பிரிவினருக்கு மேல் பிபி 27 புள்ளி இறங்கியது. மற்றவர்களுக்கு இறங்கியது சுமார் 9 புள்ளிதான்.

நம்ம ஊர்ல படிப்பே இல்லையா?

இருக்கு. 2008-லேயே இந்திய ஃபார்மசி கவுன்சில் ஃபார்ம்.டி படிப்பைக் கொண்டுவந்துவிட்டது. பிளஸ் டூ முடித்தபின் ஆறு வருடம். பி.ஃபார்ம் முடித்தவர்களுக்கு மூன்று வருடம். முடிச்சூரிலிருந்து அதிக தூரமில்லை, பல்லாவரத்தில் வேல்ஸ், காட்டாங்குளத்தூரில் எஸ்ஆர்எம் என்று பக்கத்திலேயே கல்லூரிகள் இருக்கின்றன.

ஆறாவது வருடம் முழுக்க மருத்துவமனையில்தான். விதிமுறையே அதை ‘இன்டர்ன்ஷிப் அல்லது ரெசிடென்சி’ என்று குறிப்பிடுகிறது. ஆறு மாதம் பொது மருத்துவம், மீதி ஆறு மாதம் வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். கவனித்தீர்களா, வெளிநோயாளிப் பிரிவுக்கென்று தனி மாதமே ஒதுக்கவில்லை. படிப்பு முடிந்தபிறகு சேரக்கூடிய, அமெரிக்காவைப் போன்ற தனி ரெசிடென்சியும் கவுன்சிலின் படிப்புப் பட்டியலில் இல்லை.

2015-ல் வந்த ஃபார்மசி நடைமுறை விதிகளின்படி மருந்தின் அளவு, போடும் முறை, பக்கவிளைவு, வேறு மருந்தோடு சேருமா சேராதா என்பதையெல்லாம் நோயாளிக்கு விளக்கவேண்டியது மருந்தாளுநரின் வேலை. காகிதத்தில் எல்லாமே சரியாகத்தான் இருக்கிறது. ஓபி நாளில் மருந்து கவுன்டர் முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒருவருக்குக் கிடைப்பது சில விநாடிகள். ‘காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு’ என்பதற்கு மேல் அந்த மருந்தாளுநரால் என்ன சொல்லிவிட முடியும்? அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

இன்சுலின் ஊசியில் ஒரு கணக்கு

இது பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்காக இந்தக் கணக்கு. நம் நாட்டில் இன்சுலின் முக்கியமாக இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. பாட்டிலில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்கு சிவப்பு மூடி, 100-க்கானதுக்கு ஆரஞ்சு மூடி.

பேனா உடைந்துவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் என்ன ஆகும்? 20 கோடு என்பது அரை மில்லி. அரை மில்லியில் இருப்பது 50 யூனிட். அதாவது இரண்டரை மடங்கு. சுகர் தடாலென்று இறங்கி மயக்கம், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. இதை விளக்க அஞ்சு நிமிஷம் போதும். அந்த அஞ்சு நிமிஷம் யாருடைய வேலை என்பதுதான் கேள்வி.

தாம்பரத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. டாக்டர் சௌரிமுத்து 1928-ல் தொடங்கிய காசநோய் சானடோரியம்தான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். காசநோய், எச்ஐவி என இரண்டுக்கும் அங்கே சிகிச்சை உண்டு. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், மற்ற பல மருந்துகளைக் கல்லீரல் சீக்கிரம் சிதைத்துத் தள்ளும்படி செய்துவிடும். எச்ஐவிக்கான டோலுடெக்ராவிர் மாத்திரையை வழக்கம்போல் ஒருவேளை போட்டால் போதாது, ரெண்டு வேளை தேவைப்படும். சில சுகர் மாத்திரைகளின் வேகம் குறையும், கருத்தடை மாத்திரையும் கைவிடலாம். இந்த மாதிரி ஓபியில் மருந்தை மட்டுமே பார்க்க ஒருவர் உட்கார்ந்தால், பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் எது?

அப்புறம் எது தடுக்குது?

முதல் தடை வேலை. பெரிய தனியார் மருத்துவமனைகள் ‘கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட்’ என்று ஆள் எடுக்கின்றன, அதுவும் பெரும்பாலும் உள்நோயாளி வார்டுக்கு. 2021-ல் திருத்திய விதிகளில் அந்தப் பதவியின் பெயர் ஏறிவிட்டது. பெயர் ஏறினால் மட்டும் சம்பளம் வந்துவிடாதே! ஃபார்ம்.டி படித்தவர் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடலாமா கூடாதா என்று நடக்கும் சண்டையில் பாதி சத்தம்கூட இந்த வேலை விஷயத்தில் கேட்பதில்லை.

இரண்டாவது, டாக்டர்களின் தயக்கம். சீட்டே இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் மெடிக்கல் ஷாப்கள் உள்ள ஊரில், மருந்தாளுநருக்கு இன்னும் அதிகாரம் கொடுத்தால் எங்கே போய் முடியும் என்று கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். இந்தியாவில் ஃபார்ம்.டி படித்தவருக்கும் மருந்து எழுதும் உரிமை கிடையாது. இப்போதைக்கு அது தேவையும் இல்லை என்றே தோன்றுகிறது. மூன்று சீட்டையும் பார்த்து, ‘சார், இந்த ரெண்டும் மோதுது’ என்று டாக்டருக்குச் சொல்ல எழுதும் உரிமை எதற்கு?

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, மருந்து கிடைப்பது பெரிய பிரச்னையாக இல்லை. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருகிறது. 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2025 பிப்ரவரி 24-ல் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. அவற்றை நடத்த விண்ணப்பித்தவர்களில் பி.ஃபார்ம், டி.ஃபார்ம் படித்தவர்களுக்கே முக்கிய இடம். மாத்திரை வாசல்வரை வந்துவிட்டது. அதற்கு மேல் உட்கார்ந்து பேசும் ஒரு நாற்காலிதான் பாக்கி.

அந்த நாற்காலியை ஒரேயடியாக மாநிலம் முழுக்கப் போடவேண்டியதில்லை. வாரத்தில் சுகர் ஓபி நடக்கும் நாட்களில் மட்டும், ஃபார்ம்.டி பயிற்சி மாணவர்களையும் அவர்களுக்கு ஒரு சீனியரையும் தனி மேசையில் உட்காரவைக்கலாம். கல்லூரியோடு பேசவேண்டும், மேசை போடவேண்டும், அவ்வளவுதான் தொடக்கச் செலவு. ரெசிடென்சி இடங்கள் அதற்குப் பிறகு வரட்டும். முடித்தவர்களுக்கு வேலை இல்லாமல் ரெசிடென்சியை மட்டும் திறந்தால், ஆறு வருடம் படித்தவர் ஏழெட்டு வருடம் படித்தவராக ஆவார், வேறொன்றும் மாறாது.

அதுவரை நீங்க என்ன செய்யலாம்?

அடுத்தமுறை டாக்டரிடமோ மருந்துக்கடைக்கோ போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து இருந்தால் அதையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். ‘இதெல்லாம் சேர்ந்து போடலாமா?’ என்று கேளுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தவேண்டாம். ஏதாவது மருந்தால் பக்கவிளைவு வந்ததாகச் சந்தேகம் இருந்தால் நோயாளியே புகார் சொல்லலாம். மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண்: 1800-180-3024.