எந்த அங்கிள்?

நுழையும்முன்

அயல்மொழிச் சொல் ஒன்று நம் வீட்டுக்குள் வருவது புதிதன்று. வந்த சொல் எவ்விடத்தில் அமர்கிறது, எந்தச் சொல்லை எழுப்பிவிட்டு அமர்கிறது என்பதே எண்ணிப் பார்க்கத்தக்கது. நாள்தோறும் நாம் பலமுறை வழங்கும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி இக்கட்டுரை பேசுகிறது.

மாணவர்களே,

டெல்லியில் வாழும் என் உறவினர் வீட்டில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறுகிறேன். அவ்வீட்டுச் சிறுவனுக்குப் பதினொரு வயது. ஒரு நாள் மாலை, பெற்றோர் பணியிலிருந்து திரும்பும் முன்பு, மேலூரிலிருந்து அவனுடைய அப்பத்தா தொலைபேசியில் அழைத்தார். நலம் கேட்ட அவரிடம் சிறுவன், "அங்கிளுக்கு ஆபரேஷன் அப்பத்தா, ஆஸ்பத்திரியில இருக்காங்க" என்றான். "எந்த அங்கிளுடா?" என்று அவர் பதறினார். "அங்கிள்தான் அப்பத்தா" என்றான் அவன். அத்துடன் இணைப்பு அறுந்துபோயிற்று.

அந்த மூதாட்டியின் மூத்த மகன் நொய்டாவில் இருக்கிறார். அவர் சிறுவனுக்குப் பெரியப்பா. மருமகளின் தம்பி குருகிராமில் இருக்கிறார். அவர் சிறுவனுக்குத் தாய்மாமன். இருவரையும் அவன் 'அங்கிள்' என்றே அழைத்துப் பழகியிருந்தான். மீண்டும் தொடர்பு கிடைப்பதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அப்பத்தா துணிப்பையைக் கட்டி வைத்துவிட்டு, ரயிலுக்கு வழி கேட்கப் பக்கத்து வீட்டுக்குச் சென்றுவிட்டார். பின்னரே உண்மை தெரிந்தது. மருத்துவமனையில் இருந்தவர் கீழ்வீட்டில் குடியிருக்கும் பஞ்சாபிப் பெரியவர். அவருக்குக் கண்புரை அறுவை நடந்திருந்தது. மறுநாளே வீடு திரும்பிவிட்டார்.

சிறுவன் பொய் சொல்லவில்லை. அக்கறையோடுதான் செய்தி சொன்னான். ஆயினும் அவன் கையாண்ட சொல், ஒரு தாய் அறிய விரும்பிய ஒன்றை மட்டும் மறைத்துவிட்டது. அவர் கேட்ட 'எந்த அங்கிள்?' என்னும் கேள்வியை நாமும் கேட்டுப் பார்ப்போம்.

சொல்லின் பிறப்பு

'அங்கிள்' என்னும் சொல் ஆங்கிலத்திற்கும் வந்தேறிய சொல்லே. இலத்தீன் மொழியில் 'அவுங்குலுஸ்' என்றொரு சொல் உண்டு. அதன் நேர்ப்பொருள் 'சிறிய பாட்டன்' என்பதாகும். அது தாயின் உடன்பிறந்தானை மட்டுமே குறித்தது. தந்தையின் உடன்பிறந்தானுக்கு இலத்தீனில் 'பத்ரூவுஸ்' என்னும் வேறு சொல் இருந்தது. ஆகவே 'அங்கிள்' என்பதன் வேர்ப்பொருளைத் தேடிச் சென்றால், நாம் சென்று சேருமிடம் நம்முடைய தாய்மாமனே!

பழைய ஆங்கிலத்திலும் இவ்வேறுபாடு இருந்தது. தாயின் சகோதரனை 'ஏயாம்' என்றும் தந்தையின் சகோதரனை 'ஃபேடெரா' என்றும் ஆங்கிலேயர் அழைத்தனர். 1066ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், பிரெஞ்சுச் சொற்கள் பெருமளவில் அந்நாட்டில் வழங்கலாயின. 'அங்கிள்' என்பதும் அவ்வாறு வந்ததே. காலப்போக்கில் அது பழைய சொற்கள் இரண்டின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. இன்று ஓர் ஆங்கிலேயர் இவ்வேறுபாட்டைச் சொல்ல விரும்பினால், 'என் தாய்வழி அங்கிள்' என்று அடைமொழி சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஒற்றைச் சொல்லால் சொன்னதை இன்று அவர் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு சொல், பல வேடங்கள்

இச்சொல் ஆங்கிலத்தில் பல வேடங்கள் புனைந்துள்ளது. அமெரிக்க அரசை 'அங்கிள் சாம்' என்னும் தாடி வைத்த முதியவராக உருவகப்படுத்துவர். கண்டிப்பாக அறிவுரை கூறுபவரை 'டச்சு அங்கிள்' என்பர். அமெரிக்கச் சிறுவர்கள் மல்லுக்கட்டும்போது, கீழே அகப்பட்டவன் 'அங்கிள்' என்று சொன்னால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகப் பொருள்.

துயரமான வழக்கு ஒன்றும் உண்டு. அடிமைமுறை நிலவிய அமெரிக்கத் தென்மாநிலங்களில், வெள்ளையர் முதிய கறுப்பின மனிதரை 'அங்கிள்' என்று அழைத்தனர். அன்பினால் அன்று, 'மிஸ்டர்' என்னும் மதிப்புச் சொல்லை அவருக்குத் தர மனமில்லாமையால் அவ்வாறு அழைத்தனர். உறவுச் சொல்லாயிற்றே என்பதற்காக அது எப்போதும் மதிப்பைத் தந்துவிடும் என்று கருதுதல் தவறு. நம் குடியிருப்பையே பாருங்கள். காரில் வந்து இறங்குபவர் நமக்கு 'அங்கிள்'. வாயிலில் காவல் நிற்பவர், அவருக்கு ஒத்த வயதினராயினும், பெரும்பாலும் 'பையா'தான். இந்தியில் அச்சொல்லுக்கு அண்ணன் என்பதே பொருள். எனினும் ஒரே வயதினர் இருவரை நாம் ஏன் இரு சொற்களால் அழைக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தமிழ் காட்டும் உறவுமுறை

தந்தையின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. தாயின் உடன்பிறந்தவர் மாமா. தாயின் அக்காள் பெரியம்மா ஆதலின், அவருடைய கணவர் பெரியப்பா. தாயின் தங்கை சித்தி ஆதலின், அவருடைய கணவர் சித்தப்பா. அத்தையின் கணவரோ மாமா. இந்தியில் இவ்வுறவுகளுக்குத் தாவூ, சாச்சா, மாமா, மௌசா, ஃபூஃபா என ஐந்து சொற்கள் உள்ளன. தமிழ் மூன்றே சொற்களில் அனைத்தையும் அடக்கிவிடுகிறது.

இச்சொற்களின் அமைப்பை நோக்குங்கள். பெரியப்பா, சித்தப்பா என்னும் இரண்டிலும் 'அப்பா' இருக்கிறார். ஆகவே அவர்களுடைய மக்கள் நமக்கு அண்ணன், அக்காள், தம்பி, தங்கையர் ஆகின்றனர். மாமாவின் மக்கள் அவ்வாறு அல்லர். அவர்கள் வேறு முறையினர். 'அங்கிள்', 'கஸின்' என்னும் இரு சொற்களும் சேர்ந்து இவ்வொழுங்கு முழுவதையும் மறைத்துவிடுகின்றன. அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட பெருநூலில் உலக மக்கள் பலருடைய உறவுமுறைச் சொற்களைத் தொகுத்தார். தமிழ்ச் சொற்களும் அதில் இடம்பெற்றன. தந்தையின் சகோதரரையும் தந்தையாகக் கொள்ளும் முறை, வட அமெரிக்காவின் செனெக்கா பழங்குடியினரிடமும் இருப்பது கண்டு அவர் வியந்தார்.

உறவுச் சொல் என்பது அழைப்பு மட்டுமன்று. அது கடமையும் ஆகும். நம் ஊர்களில் காதணி விழாவின்போது குழந்தை தாய்மாமன் மடியில் அமர்கிறது. சீர்வரிசை கொண்டு வருபவரும் அவரே. 'மாமா' என்று அழைக்கப்படுபவர் அந்தப் பொறுப்பை அறிவார். எல்லாரும் 'அங்கிள்' ஆகிவிட்டால், மடியில் அமர்த்த வேண்டியவர் யார், மேடைக்கு எதிரே அமர்ந்து உணவுண்டு செல்பவர் யார் என்னும் வேறுபாடு சொல்லிலிருந்து முதலில் மறையும். பின்னர் நினைவிலிருந்தும் மறையும்.

மறுப்பும் விடையும்

'தமிழரே பக்கத்து வீட்டுக்காரரை மாமா என்று அழைப்பதில்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வட இந்தியக் குழந்தைகள் 'சாச்சா நேரு' என்று அழைத்த தலைவரை நாம் 'நேரு மாமா' என்றோம். சாச்சா என்பது சித்தப்பாவைக் குறிக்கும் சொல்லாயினும், 'நேரு சித்தப்பா' என்று நாம் சொல்லவில்லை. 1947 ஜூலையில் தொடங்கிய சிறுவர் இதழ் தமிழில் 'அம்புலிமாமா' என்று பெயர் பெற்றது. வானத்து நிலவும் நமக்கு மாமாவே. வெளியே இருப்பவரை உறவாக்கிக்கொள்ளத் தமிழ் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாயிலின் பெயர் 'மாமா' எனலாம். ஆனால் அப்பாவின் பெயரைத் தாங்கிய சொற்களை அது அவ்வளவு எளிதில் பிறருக்கு வழங்குவதில்லை. விரிந்தும் கொடுக்கிறது, வேறுபாட்டையும் காக்கிறது.

'பல மொழியினர் கூடி வாழும் குடியிருப்பில் அங்கிள் என்பதே எளிது' என்பது மற்றொரு வாதம். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். பஞ்சாபியர், வங்காளியர், மலையாளியர் எனப் பலரும் வாழும் இடத்தில், எம்மொழியினர் என்று கேளாமலேயே ஒருவரை மதிப்போடு அழைக்க அச்சொல் உதவுகிறது. கீழ்வீட்டுப் பெரியவரை அங்கிள் என்று அழையுங்கள். வாயிற்காவலரையும் அவ்வாறே அழையுங்கள். அச்சொல்லுக்கு நாம் எதிரிகள் அல்லேம். வெளிவாயிலில் நின்று விருந்தினரை வரவேற்க வேண்டிய சொல், வீட்டுக்குள் புகுந்து பெரியப்பாவின் இருக்கையில் அமர்ந்துகொள்வதையே வேண்டாம் என்கிறேன்.

ஊரை விட்டு நெடுந்தொலைவில் வளரும் உங்களுக்கு இது இன்னும் இன்றியமையாதது. ஊரில் இருக்கும் குழந்தை உறவினரை வாரந்தோறும் நேரில் காண்கிறது. அதற்கு முகமே உறவைச் சொல்லிவிடும். நீங்களோ ஆண்டுக்கு ஒருமுறை, கோடை விடுமுறையில் சில நாள்களே அவர்களைக் காண்கிறீர்கள். எஞ்சிய நாள்களில் உங்களுக்கும் அவர்களுக்கும் இடையே இருப்பது தொலைபேசியில் ஒலிக்கும் சொல் ஒன்றே. அச்சொல் சரியாக இருந்தால், ஆயிரம் கல் தொலைவில் இருக்கும் அப்பத்தாவுக்கும் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது உடனே விளங்கும்.

அந்தச் சிறுவன் இப்போது நொய்டாவில் இருப்பவரைப் 'பெரியப்பா' என்று அழைக்கிறான். முதல் முறை அவ்வாறு அழைத்தபோது அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "இன்னொரு தடவை சொல்லு" என்றாராம்.

சிந்தித்து எழுதுக

1. 'அங்கிள்' என்னும் சொல்லின் வேர்ப்பொருள் யாது? அது எவ்வாறு விரிந்தது?
2. 'உறவுச் சொல் என்பது கடமையும் ஆகும்' என்னும் கருத்தை உங்கள் குடும்ப நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு விளக்குக.
3. நீங்கள் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று அழைக்கும் பத்துப் பேரைப் பட்டியலிடுக. அவர்களுள் உறவினர் யார் எனக் கண்டு, உரிய தமிழ்ச் சொல்லை எதிரே எழுதுக.
4. கட்டுரையாசிரியரின் கருத்தோடு நீங்கள் மாறுபடும் இடம் உண்டா? காரணத்துடன் எழுதுக.