மண்ணை மூடிவிட்டால் பார்ப்பது யார்?

தெருவை வெட்டுகிறார்கள். பிளாஸ்டிக் குழாயை உள்ளே இறக்குகிறார்கள். சில நாளில் பள்ளத்தை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். வழியில் போகிறவர்கள் "ஏதோ குழாய் போடுகிறார்கள்" என்று சொல்லிவிட்டு நடக்கிறார்கள்.

அந்தக் குழாயில் நாளை ஓடப்போவது குடிதண்ணீராக இருக்கலாம். அடுப்பு எரிக்கும் வாயுவாகவும் இருக்கலாம். கறுப்புக் குழாயில் நீலக்கோடு இருந்தால் தண்ணீர். மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறமானால் வாயு. எதுவானாலும் அதன் ஆயுள் மூட்டைப் பொறுத்தது. 50 ஆண்டு உழைக்க வேண்டிய குழாய், சரியாகச் சேராத ஒரு மூட்டினால் ஐந்தே ஆண்டில் கசியலாம்.

நாடெங்கும் குழாய்

2019 ஆகஸ்ட் 15-ந் தேதி ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டது. அன்று இந்தியக் கிராமங்களில் குழாய்த் தண்ணீர் வந்த வீடுகள் 3 கோடியே 23 லட்சம். 2024-ல் இது 15 கோடியைத் தாண்டியது. 2025-ம் ஆண்டு பட்ஜெட்டில் இத்திட்டம் 2028 வரை நீட்டிக்கப்பட்டது. இனி வேலையின் தரத்திலும் பராமரிப்பிலும் கவனம் செலுத்தப்படும் என்றும் அப்போது சொல்லப்பட்டது. இன்னொரு பக்கம், நகரங்களில் சிலிண்டருக்குப் பதிலாகக் குழாய் வழியே வாயு வருகிறது. இரண்டு வேலைக்கும் நம்பியிருப்பது பெரும்பாலும் பாலிதீன் குழாயைத்தான்.

சிறிய குழாய்கள் சுருள் சுருளாக வரும். பெரியவை துண்டு துண்டாக வரும். 12 மீட்டர் துண்டானால், ஒரு கிலோமீட்டருக்கு 80 மூட்டுக்கு மேல் போட வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு எத்தனை மூட்டு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்!

இரும்பு போய் பாலிதீன் வந்தது

பாலிதீன் தற்செயலாகக் கிடைத்த பொருள். 1933-ல் இங்கிலாந்தின் நார்த்விச் ஊரில், பாசெட், கிப்ஸன் என்ற இரு விஞ்ஞானிகளின் சோதனைப் பாத்திரத்தில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் படிந்தது. அதுவே பாலிதீன். 1953-ல் ஜெர்மானியரான கார்ல் சீக்லர், குறைந்த அழுத்தத்திலேயே உறுதியான பாலிதீன் செய்யும் வழியைக் கண்டார்.

இரும்பு துருப்பிடிக்கும், பாலிதீன் துருப்பிடிக்காது. இதன் அருமையை உலகம் உயிர் கொடுத்துக் கற்றது. ஸ்காட்லாந்தின் லார்க்ஹால் ஊரில் 1999 டிசம்பர் 22-ந் தேதி ஒரு வீடு வெடித்துச் சிதறியது. ஒரே குடும்பத்தில் 4 பேர் மாண்டனர். மண்ணுக்குள் அரித்துப்போன இரும்புக் குழாயிலிருந்து கசிந்த வாயுவே காரணம். குழாய்க்குப் பொறுப்பான கம்பெனிக்கு 2005-ல் ஒன்றரைக் கோடி பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. கட்டடங்களுக்கு 30 மீட்டருக்குள் இருக்கும் இரும்பு வாயுக் குழாய்களை 30 ஆண்டுகளில் மாற்றிவிடும் வேலையை பிரிட்டன் 2002-ல் தொடங்கியது. பெரும்பாலும் அவற்றின் இடத்தில் வருவது பாலிதீன்தான்.

ஆனால், பாலிதீனை வாங்கிப் போட்டுவிட்டால் அபாயம் தீர்ந்ததா? இல்லை. துருவிலிருந்த அபாயம் மூட்டுக்கு இடம் மாறியிருக்கிறது.

மின்சாரம் போடும் மூட்டு

பாலிதீனை எந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது. உருக்கித்தான் ஒட்ட வேண்டும். இரண்டு முனைகளையும் சூடான தட்டில் வைத்து உருக்கி, ஒன்றோடொன்று அழுத்துவது ஒரு முறை. பள்ளத்தில் இடம் இல்லாதபோதும், பழுது பார்க்கும்போதும், வீட்டுக்குக் கிளை எடுக்கும்போதும் உதவுவது 'எலெக்ட்ரோ பியூஷன்' முறை.

இதற்கென்று 'கப்ளர்' என்ற உறை இருக்கிறது. அதன் உட்சுவரில் கம்பிச்சுருள் பதிந்திருக்கும். இரண்டு குழாய் முனைகளையும் அதற்குள் செருகி, பெரும்பாலும் 40 வோல்ட் அளவில் மின்சாரம் கொடுப்பார்கள். கம்பி சூடேறும். கப்ளரின் உட்புறமும் குழாயின் வெளிப்புறமும் உருகி ஒன்றாகிவிடும். எவ்வளவு நேரம் மின்சாரம், எவ்வளவு நேரம் ஆறவேண்டும் என்பதெல்லாம் கப்ளரின் மேலேயே அச்சிட்டிருக்கும். அதிலுள்ள கோடுகளைக் கருவியே படித்துக்கொள்ளும்.

அப்படியானால் மனிதனுக்கு என்ன வேலை? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

கோட்டை விடும் இடங்கள்

வெயிலும் காற்றும் பட்ட குழாயின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் படிகிறது. அது உருகிச் சேராது. அதற்குரிய சுரண்டியால், மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்காவது சுற்றிலும் சீவி எடுக்க வேண்டும். உப்புத்தாள் தேய்ப்பது உதவாது. அது அழுக்கை உள்ளே தள்ளும். சீவிய இடத்தைக் கையால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசையே மூட்டைக் கெடுக்கப் போதும். தொட்டுவிட்டால் அதற்குரிய ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து உலரவிட வேண்டும்.

முனையை நேராக வெட்ட வேண்டும். சுருளில் வந்த குழாய் முட்டை வடிவாகக் கோணியிருந்தால் வட்டமாக்க வேண்டும். ஆறும் வரை அசையாதபடி கிளாம்ப் போட்டுப் பிடித்திருக்க வேண்டும். மழைநீரோ சேறோ கப்ளருக்குள் போகக்கூடாது. ஜெனரேட்டர் போதிய சக்தியுள்ளதாக இருக்க வேண்டும். வாயு கசியும் பள்ளத்தில் மின்சாரத்தைப் பற்றி நினைக்கவே கூடாது. முதலில் வாயுவை நிறுத்தி, காற்றைச் சோதித்த பிறகே ஆள் இறங்க வேண்டும்.

சுரண்டாமல் விட்டாலும் கருவி "வேலை முடிந்தது" என்றே காட்டும். கப்ளரிலுள்ள சின்னக் குமிழும் வெளியே துருத்தும். உள்ளே உருகியது என்பதற்கு அது சாட்சி. ஒட்டியது என்பதற்குச் சாட்சி அல்ல. அழுத்தச் சோதனையிலும் கெட்ட மூட்டு தப்பிவிடலாம். சில ஆண்டு கழித்து, மேலே வீடுகள் எழும்பிய பிறகு, அது விட்டுக்கொடுக்கும். தண்ணீரானால் நஷ்டம், குழாயில் அழுத்தம் குறையும்போது சாக்கடையும் உள்ளே புகலாம். வாயுவானால் மண்ணின் இடுக்கு வழியே வீட்டுக்குள் நுழையும்.

என்ன செய்யலாம்?

பரிகாரம் இல்லாமல் இல்லை. இன்றைய கருவிகள் ஒவ்வொரு மூட்டுக்கும் நாள், நேரம், மின்சார அளவு, போட்டவர் அடையாளம் எல்லாவற்றையும் பதிவு செய்யக்கூடியவை. அந்தப் பதிவைக் கேட்டு வாங்காமல் பில்லுக்குப் பணம் கொடுக்கக்கூடாது. இடையிடையே ஒரு மூட்டை வெட்டி எடுத்து, பிளந்து பார்க்க வேண்டும். பயிற்சி பெற்று அட்டை வாங்கியவரே கருவியைத் தொடவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கூலியை மூட்டு எண்ணிக்கையில் கணக்கிடும் வழக்கத்தை யோசிக்க வேண்டும். ஆறுவதற்கு அரைமணி காத்திருப்பவனுக்குக் காசு குறைந்து, காத்திருக்காதவனுக்குக் கூடினால், யார் காத்திருப்பார்கள்? மிகக் குறைந்த டெண்டரைத் தேடும் அதிகாரிகளும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மண் மூடிய பிறகு அந்த மூட்டை எந்த இன்ஸ்பெக்டரும் பார்க்கப் போவதில்லை. பள்ளத்தில் குனிந்து சுரண்டியவன் ஒருவனுக்குத்தான் உண்மை தெரியும். அவனுக்குப் பயிற்சியும் நேரமும் நியாயமான கூலியும் கொடுத்தால், ஊர் நிம்மதியாகத் தூங்கலாம்.