ஸார், காற்று வரலை!

குருபரப்பள்ளிப் பக்கம் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து ரூமில் விழும் நம்ம ஆசாமிகளில் சிலர், செல்போனில் விண்ட்சர்ஃபிங் வீடியோ பார்த்துவிட்டு, "பாஸ், நாமும் ஒரு பலகை வாங்கிடலாமா?" என்கிறார்கள். கேட்பதெல்லாம் குட்டையாய், ஸ்டைலாய் உள்ள பலகை. அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

அடியேன் பி.காம். பேலன்ஸ் ஷீட் போட்டே காட்டுகிறேன். ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி, ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள பலகை ஏறக்குறைய ஒரு கிலோவை மிதக்க வைக்கும். நீங்கள் 75 கிலோ. பலகை, கம்பம், பாய் எல்லாம் 16. மொத்தம் 91. குட்டைப் பலகை 90 லிட்டர்தான் என்றால் ஒரு கிலோ துண்டு விழும். (தலை துவட்டவும் ஒரு துண்டு தேவைப்படும்!) மணிக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் காற்றடித்து, பலகை தண்ணீர் மேல் வழுக்கி ஓடினால்தான் பிழைப்பு. அதுவரை கரையில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

லாங்போர்டு அப்படியில்லை. 12 அடி நீளம், 200 லிட்டருக்கு மேல். பார்க்க வீட்டுக் கதவு மாதிரி இருக்கும். ஆனால் வேப்பிலை அசைகிற காற்றிலேயே கிளம்பிவிடும். அடியில் இறக்குகிற ஒரு தகடு, பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் விண்ட்சர்ஃபிங் முதன்முதலாக நுழைந்தது இந்த மாதிரி நீளப் பலகையில்தான். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம்ம ஈபாத் அலி வெண்கலம் வாங்கிய 'ஆர்எஸ்:எக்ஸ்' ரகமும் தகடு வைத்த அகலப் பலகைதான். காற்று குறைந்தால் பாயையே விசிறி மாதிரி வீசி வீசிப் போவார்கள். தோள்பட்டை கழன்றுவிடும்!

காற்று சுத்தமாக நின்றால்? பாயைக் கழற்றிவிட்டு, நின்றபடியே துடுப்புப் போடலாம். இதற்கென்றே இரண்டுக்கும் உதவும் பலகைகள் விற்கிறார்கள். ஹவாய் சமாசாரமாம். அட, காற்றிருந்தால் பாய், இல்லையென்றால் துடுப்பு என்று நம்ம கட்டுமரக்காரர்கள் காலங்காலமாகச் செய்ததுதானே இது? ஆங்கிலக்காரனே 'கட்டுமரம்' என்ற வார்த்தையைக் கடன் வாங்கிக்கொண்டு போனான், இன்னும் திருப்பித் தரவில்லை. துடுப்புப் பலகையில் தேசிய சாம்பியனான சேகர் பச்சையும் சென்னை பக்கத்துக் கோவளத்துக்காரர்தான்.

நமக்குப் பக்கத்தில் கே.ஆர்.பி. அணை இருக்கிறதே என்று பலகையோடு ஓடாதீர்கள். 52 அடி ஆழத் தண்ணீர், விளையாட்டில்லை. அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையிலோ ரசாயன நுரை பொங்கிப் பலமுறை பேப்பரில் படமே வந்துவிட்டது. அதில் இறங்கினால் குளிப்பதா, துவைப்பதா என்றே புரியாது. தென்பெண்ணை சுத்தமாகிற வரை, வாராந்திர லீவைச் சேர்த்து வைத்துக் கோவளம் போய், பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்வதே உத்தமம்.

ஒரு எச்சரிக்கை. இளங்காற்று என்று இளக்காரம் வேண்டாம். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, பேசாமல் உங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். லைஃப் ஜாக்கெட், பலகையைக் காலோடு கட்டும் கயிறு, இரண்டும் கட்டாயம். முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். திரும்பி வரும்போது களைத்திருந்தாலும் காற்றே கொண்டுவந்து சேர்க்கும்.

மற்றபடி காற்றும் இன்க்ரிமென்ட் மாதிரிதான். வரும்போது வரட்டும். அதுவரை துடுப்பைப் போடுங்க ஸார்!