தரகு 5,000, பொறுப்பு 12 இலட்சம்

முள்ளியவளையில் காலபோக அறுவடை தொடங்கிவிட்டால் நெல்லுக்குப் பஞ்சமில்லை, லொறிக்குத்தான் பஞ்சம். வயலில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொலன்னறுவை ஆலைக்குச் சரக்கை அனுப்பிவிட வேண்டும் என்று வியாபாரி அவசரப்படுவார். அந்த அவசரத்தை நம்பி நடப்பதுதான் லொறித் தரகு. கையில் ஒரு தொலைபேசியும் நாலைந்து சாரதிகளின் இலக்கமும் இருந்தால் போதும் என்று நமது இளைஞர்கள் சிலர் இதில் இறங்குகிறார்கள். முதலில்லாத தொழில் என்றும் சொல்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. இதிலும் முதல் இருக்கிறது. ஆனால் அது அடுத்தவருடைய முதல்.

கணக்கைப் பாருங்கள். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலை, நாடு நெல் கிலோ ஒன்றுக்கு 120 ரூபா. அதன்படி 10 தொன் ஏற்றிய லொறியில் இருப்பது 12 இலட்சம் ரூபா. தரகருக்கு லோட்டுக்கு 5,000 ரூபா கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரேயொரு லோட் தவறினால் 240 லோட்டின் தரகு போய்விடும். லொறிக்காரர் தொலைபேசியை நிறுத்திவிடலாம். சரக்குக்காரர் தேடி வருவது தரகரின் வீட்டு வாசலுக்குத்தான்.

லொறியோடு சரக்கும் மறைவது அபூர்வம். அடிக்கடி நடப்பது வேறு. பேசிய லொறி வராது. அதன் உரிமையாளர் தனது கூலியை எடுத்துக்கொண்டு வேறொரு லொறியை அனுப்புவார். அந்தச் சாரதி யார் என்பது தரகருக்கே தெரியாது. மாங்குளம் போய்ச் சேர்வதற்குள் பழைய டயர் வெடித்து லொறி நின்றுவிடும். படங்கு கிழிந்திருந்தால் நெல் நனையும். நெற் சந்தைப்படுத்தல் சபை கேட்பது 14 சதவீத ஈரப்பதம். ஈர நெல் ஓரிரு நாள் மூட்டைக்குள் கிடந்தால் சூடேறிப் பழுதாகிவிடும். அப்போது ஆலைக்காரர் விலையைக் குறைப்பார், பழி தரகர்மேல் விழும்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. மார்ச் மாதத்தில் 176 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல், ஜூன் இறுதியில் 460 ரூபாவானது. ஜூலையில் கியூ.ஆர். பங்கீடும் வந்தது. இப்படியான நேரத்தில் வாயால் பேசிய கூலி நிற்காது. டீசல் விலை ஏறினால் கூலி எவ்வளவு ஏறும் என்பதையும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வதுதான் இருதரப்புக்கும் நல்லது.

காப்புறுதி இருக்கிறதுதானே என்று சிலர் கேட்கலாம். சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, லொறியில் ஏற்றிய சரக்குக்கு ஒரு சதமும் தராது. சரக்குக்கு வேறாகக் காப்புறுதி எடுக்க வேண்டும். அமெரிக்காவில் சரக்குத் தரகர் 75,000 டொலர் பிணை வைக்காமல் தொழில் செய்ய முடியாது. இந்தியாவின் 2007ஆம் ஆண்டு வீதிவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், சரக்கைப் பொறுப்பேற்றுப் பதிவு செய்யும் முகவரையும் தரகரையும் பொதுச் சுமப்பாளர் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. இடையில் நிற்பவருக்கும் பொறுப்புண்டு என்பதை உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

அறுவடை நேரத்தில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் லோட் அடுத்த தரகருக்குப் போய்விடும் என்பது நியாயமான வாதம்தான். ஆகவேதான் அறுவடைக்கு முன்பே பார்க்க வேண்டும் என்கிறேன். ஜனவரியிலேயே பத்து லொறிகளின் பதிவுப் புத்தகம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, சாரதியின் அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளை ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போது வாகன இலக்கத்தையும் சாரதியின் முகத்தையும் அந்தக் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் ஒரு மூட்டையும் ஏற வேண்டாம். முழுக் கூலியையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். டீசலுக்கு வேண்டியதை மட்டும் கொடுத்து, மீதியை ஆலையின் நிறைச்சீட்டு வந்ததும் கொடுங்கள்.

அதேவேளை லொறிக்காரர் பக்கத்து நியாயத்தையும் பேசியாக வேண்டும். ஆலை வாசலில் இரண்டு நாள் காத்துக்கிடந்தவருக்குக் காத்திருப்புக் கூலி கொடுக்காமலும், மீதிப் பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்தும் வந்தால் நல்ல லொறிக்காரர் நம்மை விட்டுப் போய்விடுவார். மிஞ்சுவது வேறெங்கும் வேலை கிடைக்காதவர்கள்தான். நம்பிக்கையற்ற லொறிக்காரரில் பாதிப்பேரை நாமே உருவாக்குகிறோம்.

கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதிவையுங்கள் என்ற கட்டளை சூரத்துல் பகராவில் இருப்பதை நாம் அறிவோம். நாட்டுச் சட்டமும் எழுத்துக்கே கூடுதல் மதிப்பளிக்கிறது: எழுத்திலுள்ள ஒப்பந்தத்தின் மீது வழக்கிட 6 வருடம், வாய்ப்பேச்சுக்கு 3 வருடம். ஒரு தாளில் வாகன இலக்கம், மூட்டைத் தொகை, நிறை, கூலி, சேரவேண்டிய நாள், இரண்டு கையொப்பம் இருந்தால் போதும். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். கையொப்பமிட மறுக்கும் லொறிக்காரரிடம் அன்றைய 5,000 ரூபாவை இழப்பதே இலாபம்.