ஒன்பதாம் நம்பரும் அப்பாவின் தோளும்

"கடலுக்கு ஒன்பது. அதுக்குக் கீழ போவாதீங்க."

ஈப்போவில் தூண்டில் சாமான் விற்கும் கடைக்குள் நுழையும் எவருக்கும் இந்த உபதேசம் இலவசமாகக் கிடைக்கும். தவுக்கே மலாயில் சொல்வார். பின்னால் நிற்கும் நம்ம பையன் அதையே தமிழில் சொல்லி, கூடவே ஒரு 'லா' சேர்ப்பான். நானும் ஆறு வருஷம் அதை நம்பினேன். இப்போது சொல்கிறேன்: பேராக் கடற்கரையில் நாம் நிஜமாகவே மீன் பிடிக்கிற இடங்களில் முக்கால்வாசிக்கு இந்த ஒன்பது ஒரு பொய்.

இலக்கிய இதழில் தூண்டில் கம்பா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டம் என்றாலே நம் கதைகளில் பால்மரம், கித்தாப்பால் வாளி, கங்காணி, கண்ணீர். அதெல்லாம் உண்மைதான். ஆனால் பால் நிறுத்துப் போட்டுவிட்டு மத்தியானம் குட்டையோரம் போய் உட்கார்ந்த மனுஷனும் அதே தோட்டத்தில்தான் இருந்தார். அவரைப் பற்றி நாம் எவ்வளவு எழுதியிருக்கிறோம்? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபிளை ராட் தெரியாதவர்களுக்காக இது. சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டோ இரையோ கனமாக இருக்கும். அதை எறிந்தால் நூல் பின்னாலேயே போகும். ஃபிளையில் கொக்கியின் மேல் கட்டியிருப்பது கொஞ்சம் மயிரும் இறகும்தான். அதற்கு எடையே கிடையாது. அதனால் நூலையே கனமாகச் செய்து, சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசி, அந்த நூலின் எடையால் ஃபிளையைக் கொண்டு போகிறோம். நூல்தான் குண்டு.

கம்பின் மேல் எழுதியிருக்கும் 6, 8, 9, 12 என்ற எண்கள் இந்த நூலைத்தான் குறிக்கின்றன. 1960-ஐ ஒட்டி அமெரிக்கத் தூண்டில் உற்பத்தியாளர்கள் கூடி வகுத்த அளவு அது. நூலின் முதல் 30 அடி எத்தனை கிரெய்ன் எடை என்பதே கணக்கு. ஆறாம் நம்பர் 160 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 10 கிராம். ஒன்பது 240 கிரெய்ன், பதினைந்தரை கிராம். பன்னிரண்டு 380. இதில் மீனின் எடை எங்கேயும் வரவில்லை. தண்ணீர் உப்பா, நல்லதா என்பதும் வரவில்லை. எவ்வளவு பெரிய ஃபிளை, எவ்வளவு காற்று, எவ்வளவு தூரம் என்ற மூன்று கேள்விகளுக்கான பதில்தான் அந்த எண். நம்ம ஆட்களோ அதைப் பளு தூக்குகிற எண் மாதிரி பேசுகிறார்கள். "நீ எட்டா? நான் பத்து மச்சான்."

எனக்கு இது புத்தகத்தில் புரியவில்லை. அப்பாவின் தோளில் புரிந்தது.

அப்பாவுக்கு எழுபத்தொன்று. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. நாங்கள் புந்தோங்குக்கு வந்துவிட்டோம். காலையில் உளி பிடித்த கை, வெயில் ஏறியதும் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கக் காண்டாக் கம்பு சுமந்த தோள். வலது கையைக் காதுக்கு மேல் தூக்கினால் இன்றைக்கும் முகம் சுளிப்பார். பத்து காசு நைலான் நூலும் மூங்கிலும் வைத்துக்கொண்டு பழைய ஈயக் குட்டைகளில் விரால் பிடித்துக் குழம்புக்குக் கொடுத்தவர். என்னுடைய ஃபிளை ராடைப் பார்த்து, "சாட்டையில மீன் புடிக்கிறியா?" என்று சிரித்தவர், ஒரு நாள் "நானும் வரேன்" என்றார்.

கோலா செப்பெத்தாங் போனோம். ஈப்போவிலிருந்து தைப்பிங் வழியாக ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பழைய பெயர் போர்ட் வெல்ட். 1885-இல் மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து ஓடி வந்து நின்ற இடம். இன்றைக்குக் கரிச்சூளையும் கிராங்கும் படகுமாக இருக்கிறது. அதைச் சுற்றி 40,000 ஹெக்டர் அளவுக்கு மாத்தாங் கண்டல்காடு. அப்பா கையில் ஒன்பதாம் நம்பரைக் கொடுத்தேன். கடல் ஆச்சே! அரை மணி நேரம் வீசினார். அப்புறம் கம்பைப் படகில் சாய்த்துவிட்டு, "நீ புடி, நான் பாக்குறேன்" என்றார். தோள் வலி என்று சொல்லவில்லை. திரும்பி வரும்போது காரில் சீட் பெல்ட்டை இழுக்க இடது கையைப் பயன்படுத்தினார்.

அடுத்த தடவை ஆறை எடுத்துப் போனேன். காலை ஏழரையிலிருந்து தண்ணீர் வற்றும் வரை வீசினார்.

இந்த ஒன்பது எங்கிருந்து வந்தது? ஃப்ளோரிடாவிலிருந்து. அங்கே இடுப்பளவு தெளிந்த தண்ணீர், திறந்த வெளி, அடித்துக்கொண்டே இருக்கும் காற்று. ஐம்பது, அறுபது அடி தள்ளிப் போகிற மீனைக் கண்ணால் பார்த்து வீச வேண்டும். டார்பன் நூறு பவுண்டைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த இடத்துக்கு அந்தக் கம்பு சரி. அங்கே எழுதிய புத்தகமும் கேட்டலாக்கும் இங்கே வந்து, நம் வாயில் சட்டமாகிவிட்டது.

மாத்தாங் ஓடைகளில் தண்ணீர் தேத்தண்ணி நிறம். மீன் கண்ணுக்குத் தெரியாது. வேர்களை ஒட்டி முப்பது, நாற்பது அடியில் ஃபிளையைப் போட வேண்டும். இரண்டு பக்கமும் மரம் நிற்பதால் காற்று குறைவு. கிடைப்பது ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ சியாக்காப், அதாவது நம் கொடுவா. செனாங்கின் வரும். அதிர்ஷ்டம் இருந்தால் புலான்-புலான். இது அந்த ஃப்ளோரிடா டார்பனுக்குத் தம்பி முறை. நம் ஓடையில் முழங்கை நீளம் இருந்தாலே பெரிசு. ஃபிளை விரல் நீள இறால்தான். ஆறாம் நம்பர் இதற்கெல்லாம் தாராளம். ஒன்பதில் முப்பது அடி வீசினால் கம்பு வளையக்கூட வளையாது. விறைத்த கட்டையை ஆட்டுகிற மாதிரி இருக்கும்.

"பெருசு அடிச்சா என்ன பண்ணுவ?" இதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. மீனைத் தாங்குவது கம்பின் எண் அல்ல, நுனி இழை. உலகச் சாதனைகளைப் பதிவு செய்யும் ஐ.ஜி.எஃப்.ஏ. ஃபிளை மீன்பிடிப்பைக் கம்பின் எண்ணால் பிரிப்பதே இல்லை. இழையின் வலிமையால்தான் பிரிக்கிறது. மேல் வரம்பு 20 பவுண்டு. நான் ஆறிலும் 12 பவுண்டு இழைதான் கட்டுகிறேன். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி அறுக்கும் என்பதால் கடைசி ஒரு முழம் தடித்த இழை. மீன் மாட்டியதும் கம்பை வானத்துக்குத் தூக்கிப் போட்டோவுக்கு வளைத்துக் காட்டாமல், தாழ்த்திப் பக்கவாட்டில், அடிக்கம்பால் இழுத்தால் வரும். பெரிய கொடுவா இரண்டு என்னிடமிருந்து வேருக்குள் போயிருக்கின்றன. ஒன்று ஆறில், ஒன்று ஒன்பதில்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பூலாவ் செம்பிலான் தீவுகள் பக்கம் ஆழத்தில் கெராப்பு தேடிப் போகிறவர் பத்தோ பன்னிரண்டோ எடுத்துக்கொண்டு போகட்டும். படகுக்கு அடியில் செங்குத்தாக நிற்கிற மீனை மேலே தூக்க மெல்லிய கம்புக்குத் தெம்பு கிடையாது. மத்தியானக் கடல்காற்றில் திறந்த கழிமுகத்தில் ஆறைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் தன் காதிலேயே கொக்கியைக் குத்திக்கொள்வான். எனக்கு நடந்திருக்கிறது.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. மூன்றாம் நம்பரில் பெரிய தாலாங்கை நாற்பது நிமிஷம் ஆட வைத்தேன், அதுதான் 'ஃபேர் ஃபைட்' என்று பெருமை பேசுபவர்கள். நான் அவர்கள் பக்கம் இல்லை. நம் தண்ணீர் சூடு. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. அதில் நாற்பது நிமிஷம் போராடிய மீனின் உடம்பில் அமிலம் ஏறியிருக்கும். அதைப் போட்டோ எடுத்து 'ரிலீஸ்' பண்ணுவது, அடித்துப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்கிற மாதிரி. விடப்போகிற மீனென்றால் சீக்கிரம் கொண்டுவா. கொண்டுவர முடியாத கம்பு என்றால் அந்த மீனைத் தேடிப் போகாதே. ஒன்பதுக்காரன் கம்பின் கனத்தில் வீரத்தைக் காட்டுகிறான், மூன்றுக்காரன் கம்பின் மெலிவில் காட்டுகிறான். இரண்டு பேர் பேச்சிலும் மீன் இல்லை, தண்ணீர் இல்லை.

அப்பாவிடம் இந்த எண் கணக்கை விளக்கினேன். அவர் ரொம்ப நேரம் கேட்கவில்லை. "மரம் வெட்டுறதும் அப்படித்தான். பட்டைய நகக்கண்ணு கனத்துக்குத்தான் சீவணும். புதுசா வர்றவன் பலத்தைக் காட்டுவான், கத்தி உள்ள போயிடும், மரத்துல காயம். மண்டோரு வந்து கத்துவாரு" என்றார். பிறகு, "இந்தக் கம்பு எவ்ளோ?" என்று கேட்டார். பாதி விலையைச் சொன்னேன்.

விலையும் ஒரு காரணம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது என்றால் அதற்கேற்ற ரீல், அதற்கேற்ற நூல், எல்லாமே ஒரு படி மேலே. மாசச் சம்பளத்தில் பெரும்பகுதியை அங்கே வைத்துவிட்டு, "இது பணக்காரன் விளையாட்டு, நமக்கு ஒத்து வராது" என்று கம்பை அலமாரியில் சாத்திவிட்ட இரண்டு பையன்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு முதல் நாளே ஆறைக் கொடுத்திருந்தால் இன்றைக்கு ஏதாவது ஒரு ஓடையில் நின்றிருப்பார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், இன்றைக்கும் ஃபிளை உலகத்தில் விலை உயர்ந்த கம்புகளில் பல, சீனத்து மூங்கிலைக் கீறி ஒட்டிச் செய்தவை. அப்பா குட்டையோரம் பிடித்ததும் மூங்கில்தான். அதில் நம்பர் எதுவும் எழுதியிருக்கவில்லை.

போன மாதம் செப்பெத்தாங்கில் அப்பா ஒரு சியாக்காப் பிடித்தார். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். படகோட்டி அங்கிள் வலையை நீட்டினார். விடலாமா என்று கேட்டேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "புளி வீட்டுல இருக்கா, வாங்கணுமா?" என்றார்.