மறுநாள் எழ முடிகிறதா?

மண்ணூர்பேட்டையிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் பெண், “ஆறு மாசமா ஒரே அசதி டாக்டர்” என்கிறாள். இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கிறது. அதில் தீராவிட்டால், “மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்கம்மா.” நாள்பட்ட களைப்பு நோய் என்ற பெயரே அந்த அறையில் எழுவதில்லை.

இந்த அலட்சியத்துக்கு வரலாறு உண்டு. 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை ஊழியர்கள் இருநூறு பேருக்கு மேல் இதையொத்த நோயில் விழுந்தார்கள். 1970இல் இரு மனநல மருத்துவர்கள், நோயாளி ஒருவரையும் பார்க்காமலே, அதை ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். நோயுற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதும் அவர்களுக்கு ஆதாரம்!

இந்நோயைக் காட்டும் இரத்தப் பரிசோதனை இன்னும் இல்லை. கேட்டுத்தான் அறிய வேண்டும். சற்றே கூடுதலாக வேலை செய்தால் மறுநாள் எழ முடிகிறதா? தூங்கி எழுந்தால் களைப்பு தீர்கிறதா? நின்றால் தலை சுற்றுகிறதா? இவற்றைக் கேட்கக் கருவி வேண்டாம். பெண் சொல்வதை நம்பினால் போதும். அதற்குத்தான் மனம் வரவில்லை.